வியாழக்கிழமை அட்டைகள்

“உங்களுக்குத்தான் என்ன வியாதின்னு தெரியுதே, அப்புறம் எதுக்கு டாக்டர் வரணும்?”

உதட்டோரம் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, நாலு வருடத்துக்கு முன்பு நர்ஸ் ஜோலீனிடம் கேட்ட கேள்வி அது. எங்கள் ஊர் மருத்துவ நிலையத்துக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். ஒரு நர்ஸ் தன் கையால் மருந்து எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், அதற்கென்று மேல்படிப்பும் பெரிய பரீட்சையும் இருக்கின்றன. நாற்பத்தேழு வயதில் ஜோலீன் மறுபடி புத்தகத்தைத் திறந்தது அந்தக் குழந்தையால்தான்.

“மூணாவது தடவை எழுதப் போற. இன்னும் தோல் வியாதியே உனக்குக் குழம்புது!” என்று கேள்வி எழுதிய அட்டையைத் தன் சமையலறை மேசையில் தட்டினார் முதியவர் வெர்லின். “மறுபடி படிக்கிறேன், ஒழுங்கா கேளு. இடுப்புல ஒரு பக்கம் மட்டும் பட்டையா கொப்புளம். அது வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எரிச்சல். என்ன அது?”

ஜோலீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “சொறிதானே?”

“அக்கி! அக்கி, அக்கி, அக்கி! தபால் வண்டி ஓட்டின எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.” சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. “பேசாம பரீட்சைக்கு நானே போயிடறேன்.”

“தாராளமா போங்க. தாடியை மட்டும் எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா உங்க மூஞ்சியையே ஒரு கேள்வியா வெச்சிடுவாங்க.”

வெர்லின் இருமல் வரும்வரை சிரித்தார்.

மனைவி ஆர்லிஸ் காலமான பிறகு, வாரத்தில் ஆறு நாள் அந்தச் சமையலறை மேசையில் ஒரே ஒரு காபிக் கோப்பைதான் இருக்கும். வியாழக்கிழமை பிற்பகலில், ஜோலீனுக்கு அரை நாள் விடுப்பு என்பதால், இரண்டு. காலையிலேயே இரண்டாவது கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, ஜன்னலருகே உட்கார்ந்துவிடுவார்.

போன குளிர்காலத்தில் ஜோலீன் முதல் தடவை தோற்றபோது, ஊரார் அவளிடம் குளிரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர்ந்தார்கள். தோற்றவரிடம் தோல்வியைப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வெர்லின் மட்டும்தான் பனியில் நடந்துபோய் அவள் கதவைத் தட்டினார். “நீ பதில் சொல்லும்மா. அட்டையை நான் பிடிச்சுக்கிறேன்,” என்றார்.

“ஏம்மா, பாஸாயிட்டா இந்தப் பக்கம் எதுக்கு வரப் போற?” என்று இப்போது கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் கையிலிருந்த அட்டைக் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். “உனக்கு நேரம் எங்க இருக்கும்? ஊரே சொறிஞ்சுக்கிட்டு உன் வாசல்ல நிக்கும்.”

“முதல்ல பாஸாகட்டும்,” என்றாள் ஜோலீன், காபியைப் பார்த்தபடி.

அவளுடைய கைபேசி ஒலித்தது. வெர்லின் எழுந்து காபிப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

“எப்பலேர்ந்து? மூக்கு நுனியிலயும் கொப்புளம் இருக்கா?” ஜோலீனின் குரல் தாழ்ந்து, நிதானமாகிவிட்டது. “அப்போ அது அக்கி, கண்ணுக்கு ஆபத்து. இன்னைக்கே கண் டாக்டரைப் பார்த்தாகணும், நான் சொல்லி வைக்கிறேன். மாத்திரைச் சீட்டை இப்பவே மருந்துக் கடைக்கு அனுப்பிடறேன். போற வழியில வாங்கி முதல் மாத்திரையைப் போட்டுடச் சொல்லு.”

“யாரு?” என்றார் வெர்லின், குழாயை மூடிவிட்டு.

“டாரில் வீட்டுல. பயந்துட்டாங்க, வேற ஒண்ணுமில்ல.”

“சரி, அடுத்தது கண்ணு.” அவர் உட்கார்ந்து ஓர் அட்டையை எடுத்தார். “வெள்ளை விழியில திடீர்னு ரத்தச் சிவப்பு. வலி இல்ல. பார்வையும் நல்லாத்தான் இருக்கு. பயப்படணுமா?”

“பயப்படணும்,” என்றாள் ஜோலீன். “கண் அழுத்த நோய்.”

“அய்யோ, உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்! வெறும் ரத்தக் கசிவும்மா. பலமா தும்மினாக்கூட வரும், ரெண்டு வாரத்துல தானா போயிடும். எழுதிக்கோ.”

ஜோலீன் நோட்டை இழுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

இன்னும் பதினேழு அட்டைகள் ஆயின. ஒன்பது சரி, எட்டு தப்பு. வெளியே காற்று கிளம்பியதும் அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“வர்ற வியாழக்கிழமை முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்,” என்றார் வெர்லின், கண்டிப்பாக.

“வேற வழி?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கார் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவர் தன் நாற்காலிக்குத் திரும்பி, கைகளைக் கோத்துத் தலை குனிந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால் வாய்விட்டே ஜெபித்தார்.

“ஆண்டவரே, ஜோலீனை ஆசீர்வதியும். இன்னைக்கு அவ சொன்ன தப்புப் பதிலையெல்லாம் மன்னிச்சிடும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிற என்னையும் மன்னிச்சிடும்.”

பிறகு, ஆண்டவருக்கும் இது தெரிந்திருக்கட்டும் என்பதுபோல் மெல்லச் சொன்னார்.

“அவ பாஸாகி ஒன்பது மாசமாச்சு.”