கத்தரி போன வழி

“கத்தரி வந்துட்டுப் போனாலே நமக்குப் புள்ளி வந்துடுது, கவனிச்சியாக்கா?” என்று வேலியில் ஒரு செம்பருத்தி பக்கத்துச் செடியிடம் கிசுகிசுத்தது. கொட்டகை ஆணியில் தொங்கிய, வேலி வெட்டும் கத்தரியின் காதில் அது விழுந்துவிட்டது.

கத்தரிக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது. “கோடையிலும் வெட்டினேனே, அப்போதும் வந்ததா?”

“அப்போ ஒண்ணும் வரலை,” என்றது அக்கா செம்பருத்தி. “மழையில நீ வந்தப்பதான். முதல்ல வாசலோரத்து நோயாளியைக் கடிப்பே. அதே ஈர வாயோட எங்ககிட்ட வருவே.”

“ஈரத் தழையை வெட்டும்போது வரும் சத்தம் எவ்வளவு நன்றாக இருக்கும், தெரியுமா?”

“உனக்கென்ன, சத்தம் கேட்டா போதும். எங்களுக்குல்ல புண்ணு ஆற மாட்டேங்குது!”

கத்தரி வேலியை உற்றுப் பார்த்தது. தான் போன வழியிலேயே கரும்புள்ளிகளும் வரிசையாகப் போயிருந்தன. குட்டையாக இருந்ததால் போன முறை வெட்டுக்குத் தப்பிய கடைசிச் செடியில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை. இப்போது அது வளர்ந்து, முதல் மொட்டு விட்டிருந்தது.

மறுநாள் தூறல் விட்டதும் தோட்டக்காரர் அந்தோணி கத்தரியோடு வாசலோரத்துக்குப் போனார். இரண்டு பிடியையும் பிடித்து, பலம்கொண்ட மட்டும் இழுத்தார்.

கத்தரி வாயைத் திறக்கவில்லை.