கேரன் தூக்கிய கை

"அவ தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கிட்டாடி! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

லோகேஸ்வரி கேண்டீன் மேசையில் அடித்த அடியில் மாதவியின் மைலோ கோப்பை தளும்பியது.

"யாரு, கேரனா?"

"வேற யாரு? அந்த மகாராணிதான்!"

பள்ளியின் பெண் சாரணியர் கழகத் தேர்தல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. லோகேஸ்வரிக்கு இன்னும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரியாதா பின்னே? முதலாம் படிவத்தில் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கழகத்தில் மாடாய் உழைத்தவள் அவள். கூடாரம் அடிப்பதா, லோகேஸ். மழையில் கம்பு சுமப்பதா, கூப்பிடு லோகேஸை. கேரன் போன வருஷம்தான் செராஸிலிருந்து கிள்ளானுக்கு மாறி வந்தாள். வந்ததும் வராததுமாக எல்லாருக்கும் சிநேகிதியாகி, இப்போது தலைவியும் ஆகிவிட்டாள். அதுவும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்!

"தலைவியா இருந்தா கழகத்துக்குக் குடுக்குற புறப்பாட மார்க்கு எவ்ளோ ஏறும் தெரியுமா? யூனிவர்சிட்டிக்கு அதான்டி முக்கியம். எங்கம்மா வேற நாங்க இருக்குற பண்டமாரான் பூரா சொல்லி வச்சிருக்காங்க, எம்மவதான் தலைவின்னு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

மாதவிக்கே பாவமாகிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"அன்னைக்கு எல்லாரும் கண்ண மூடி, தலைய மேசையில கவுத்துக்கிட்டுத்தானே கை தூக்குனோம்? யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரியக்கூடாதுன்னுதானே டீச்சர் அப்படிச் செய்யச் சொன்னாங்க? நீ எப்படிப் பார்த்த?"

"கொசு கடிச்சுதுலா. தலைய நிமித்துனேன். இப்ப அதுவா முக்கியம்?"

கொசுவும் இல்லை, ஈயும் இல்லை. தன் பெயர் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விறைப்பாகத் தூக்கியவள், "சியாப்பா சொக்கோங் கேரன்?" என்று டீச்சர் மலாயில் அடுத்த பெயருக்கு யார் ஆதரவு எனக் கேட்டதும், எத்தனை துரோகிகள் என்று பார்க்கத்தான் நைசாகத் தலையைத் தூக்கினாள். முன் வரிசையில் கேரனின் கை ஜம்மென்று மேலே நின்றது. அதற்குள் டீச்சர் திரும்பவே, சட்டென்று மறுபடி கவிழ்ந்துகொண்டாள்.

விஷயம் பள்ளி முழுக்கப் பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. அடுத்த பயிற்சியில் கேரன் விசில் ஊதியபோது பாதிப் பேர் வரிசைக்கே வரவில்லை. மீதிப் பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். லோகேஸ்வரிக்கு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சோறு இறங்கியது.

மறுநாள் கழகப் பொறுப்பாசிரியை சாந்தமேரி இரண்டு பேரையும் ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னார்.

"டீச்சரும் சர்ச், அவளும் சர்ச். எனக்கெங்க நியாயம் கெடைக்கப் போவுது?" என்று மாதவியிடம் பொருமிவிட்டுத்தான் லோகேஸ்வரி போனாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"கேரன், அன்னைக்கு உன் பேரச் சொன்னப்ப நீ கை தூக்குனியா?"

"தூக்குனேன் டீச்சர்."

"பார்த்தீங்களா டீச்சர்! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா!" லோகேஸ்வரி குதித்தாள். "அந்த ஓட்டக் கழிச்சிருங்க. அப்ப ரெண்டு பேரும் சமம்தானே?"

"கழிச்சிரலாம். தனக்குத்தானே போட்டுக்கிட்ட ஓட்டு எல்லாத்தையும் கழிச்சிரலாமா லோகேஸ்?"

லோகேஸ்வரி சுவரில் தொங்கிய காலண்டரை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் கேரனைப் பார்த்தார். "ஏன் தூக்குனேன்னு நீயே இவகிட்ட சொல்லிரு."

"வேணாம் டீச்சர். விட்டுருங்க."

கேரன் கழுத்திலிருந்த விசிலைக் கயிற்றோடு கழற்றி மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"லோகேஸே தலைவியா இருக்கட்டும் டீச்சர். யாருமே எங்கூடப் பேச மாட்டேங்குறாங்க. எனக்கு இது வேணாம்."

அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டாள்.

லோகேஸ்வரிக்குக் காலே தரையில் பாவவில்லை. அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும். முதலில் அந்த மாதவிக்குச் சொல்ல வேண்டும். டீச்சர் மனம் மாறுவதற்குள் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் டீச்சர். கடைசியில நியாயம் ஜெயிச்சிருச்சு."

டீச்சர் வாழ்த்துச் சொல்லவில்லை.

"உன் பேர நான் சொன்னப்ப, மொதல்ல ஏறுன கையே கேரனோடதுதான். ஒனக்குத்தான் போட்டா. நீ கண்ண மூடியிருந்த, தெரிஞ்சிருக்காது."

"பொய் டீச்சர்! அப்ப அவ பேருக்கு எதுக்குக் கை தூக்குனா? ரெண்டு ஓட்டா போட்டா?"

"அது ஓட்டே இல்லம்மா, நான் எண்ணவும் இல்ல. என்னமோ கேக்குறதுக்குக் கை தூக்குறான்னு பக்கத்துல போயிக் குனிஞ்சேன். 'டீச்சர், என் பேர எடுத்துட்டு லோகேஸுக்கே குடுத்துருங்க, பாவம், அவ ரொம்ப நாளா ஆசப்படுறா'ன்னு காதுல சொன்னா. பேசாம கைய எறக்குன்னு அதட்டுனது நாந்தான்."