என் வைக்கோல், என் மகன்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றவன் சொன்னால் காது கேட்பதில்லை. வந்தவன் சொன்னால் உடம்பெல்லாம் காதாகிவிடுகிறது. என் கடைக்குட்டியை நடவுக்குக் கூப்பிடக் காளான் கொட்டகை வாசலில் நிற்கிறேன். அகதி முகாமில் ஒருவன், உள்ளூரில் ஒருவன் என்று சோடி சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்களாம். விளைவதில் பாதி முகாம் சமையலுக்கு, பாதி சந்தைக்கு. இவனுக்கு வாய்த்தவன் ஒரு நெட்டையன். பச்சை வலை வழியே இறங்குகிற வெளிச்சத்தில், கயிற்றில் தொங்கும் பைகளுக்கு நடுவே, இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேகவைத்த வைக்கோலிலிருந்து ஆவி எழுகிறது. வைக்கோல் என் வயலுடையது. நெட்டையன் ஒரு பிடி எடுத்துப் பிழிகிறான். விரலிடுக்கில் ஈரம் மினுங்குகிறது, சொட்டவில்லை. என் மகன் பிழிகிறான். இரண்டு சொட்டு விழுகிறது. "இன்னும் கொஞ்சம் காயட்டும்டா," என்கிறான் அவன். "சரிண்ணே," என்கிறான் இவன். இருபது வருடத்தில் என்னிடம் ஒரு சரி சொன்னதில்லை.

"நடவுக்கு ஆள் இல்ல. வர்றியா, இல்லையா?" என்கிறேன்.

"இதப் பையில அடைச்சிட்டு வர்றேம்ப்பா. பாதியில விட்டாக் கெட்டுப்போயிரும்."

"அங்க நாத்து மட்டும் கெடாதாக்கும்."

நெட்டையன் எழுந்து கையைத் துடைக்கிறான். "நானும் வர்றேங்கய்யா. ரெண்டு பேர் நட்டா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிரும். எங்க ஊர்ல எனக்கும் வயல் இருந்துச்சு."

மகனின் முகம் மலர்கிறது, அவனைப் பார்த்து.

"எம்மவன் ஒருத்தன் வந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடக்கிறேன். முதுகுக்குப் பின்னால் இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள். வயல் இருந்ததாம். யார் பார்த்தது?