தலைக்கு வந்த பந்து

“உன் பேர் என்ன?”

“இசக்கிராஜா, சார்.”

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய மைதானம். கோட்டோரப் புல்லில் மூளை அறுவை நிபுணர் வெங்கிடராமனும் இசக்கிராஜாவும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்து மண்டையில் மோதிய சத்தம் படகுத்துறை வரை கேட்டிருந்தது. இசக்கிராஜாவின் மணிக்கட்டை டாக்டர் விடுவதாக இல்லை.

ஆட்டம் சமன். இந்தப் போட்டியில் சமனானால் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெனால்ட்டி. எதிரணி தன்னுடையதை அடித்துக் கோலாக்கிவிட்டது. காய்கறி மார்க்கெட் அணியில் பந்தை வலைக்குள் அனுப்பத் தெரிந்த கால் இசக்கிராஜாவுடையது மட்டும்தான். மற்றவர்கள் அடித்தால் பந்தைக் காயலில் தேட வேண்டும்.

கேப்டன் தங்கதுரை மூச்சிரைக்க ஓடிவந்தான். “டாக்டர் சார், அவன விடுங்க. ஒரு உதை உதைச்சிட்டு வந்துருவான்.”

“தலையிலே பந்து பட்டிருக்கு. இன்னிக்கு ஆட்டமே கெடையாது. வேண்டாம்னா வேண்டாம், கேட்டியா?”

கேட்டுத்தான் ஆக வேண்டும். கலூர் ஸ்டேடியத்தில் இரண்டு தலைகள் மோதிக்கொண்டால் மூன்றாவதாக அங்கே ஒரு தலை வரும், அது வெங்கிடராமனுடையது. தலையில் அடிபட்டவனைத் தனியே விடக்கூடாது, அவனோடு வாதாடக்கூடாது என்று மார்க்கெட் அணிக்கே போன மாதம் வகுப்பு எடுத்தவர்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றான் இசக்கிராஜா மெதுவாக.

“பாத்தியா! இருபது வருஷமா எல்லாத் தலையும் இதைத்தான் சொல்றது. அடி பட்டவனுக்கு அடி பட்டதே தெரியாது. மூளையோட குணம் அதாக்கும். சரி, அக்கரையிலே தெரியறது என்ன?”

“வெலிங்டன் தீவு சார்.”

“சரியாச் சொல்றான். அதான் பயமா இருக்கு. உன் பேர் என்ன?”

“இசக்கிராஜா, சார்.”

மூளை டாக்டர்கள் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது வழக்கம்தான். இசக்கிராஜாவின் கண்கள் கலங்கியிருந்தன. “கண்ணிலே ஜலம் வேறே” என்றார் டாக்டர் கவலையோடு.

அப்போதுதான் மைதானத்துக்கு வந்து சேர்ந்த ஒருவர் சாயாவை ஊதிக்கொண்டே சொன்னார்: “எதிரணி கோல்கீப்பர் சங்கர்ராம் யாரு? இந்த டாக்டரோட தங்கச்சி பையன். பெறகு கோப்பை எங்க போகும்னு கேக்கணுமா?”

ரெஃபரி விசிலை ஊதினார். “தங்கதுரை, வேற ஆளை விடு.”

“லே இசக்கி, நீ எந்திரிச்சு வாறியா இல்லியா?”

இசக்கிராஜா டாக்டரின் கையைப் பார்த்தான், கோல் கம்பத்தைப் பார்த்தான். “வரல அண்ணே. நீங்களே அடிங்க.”

தங்கதுரை பந்தை எடுத்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் காயலில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். எதிரணி குதித்தது. சங்கர்ராம் மட்டும் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மாமா!” என்று கத்திக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தான்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள்.

“படுடா கொழந்தே, பயப்படாதே” என்றார் டாக்டர் கனிவாக. “உன் பேர் என்ன சொன்னே?”

இசக்கிராஜா அவரைத் தோளோடு அணைத்து எழுப்பினான்.

“நீங்க படுங்க சார், நான் அடிச்ச பந்து உங்க மண்டையிலல்லா பட்டுச்சு.”