முழுசோ?

“எட்டாவது இடத்தில அந்தப் படமோ? உனக்கென்ன விசரோடா!”

மதுஷன் சோபாவை விட்டு எழும்பியே விட்டான். கையிலிருந்த ரோல்ஸிலிருந்து உருளைக்கிழங்கு கம்பளத்தில் கொட்டியது. அவன் மனைவி ஹரிஷா குனிந்து அதைப் பொறுக்கினாள்.

வருசக் கடைசி ஞாயிறு வந்தால் சுவிசில் ஊஸ்டர் நகரத்துச் சாயிசன் வீட்டில் இந்தச் சண்டை நடக்கும். அவரவர் தங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களைப் பத்தாவதிலிருந்து மேலே சொல்லிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள். கீழ் வீட்டுச் சுவிஸ்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தால்தான் சத்தம் அடங்கும்.

இந்த வருசம் வேண்டாமென்றுதான் ஹரிஷா சொன்னாள். சாயிசன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் மனைவி யசோதரா “ஓம்”, “இல்லை” என்ற இரண்டு சொல்லோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள். படம் என்றால் சாப்பாட்டையும் மறந்து கதைக்கிறவள் அவள். இன்றைக்காவது வாயைத் திறக்கமாட்டாளா என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

அவள் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். முன்னால் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்து கிடந்தது.

நால்வரும் சுவிசில் பிறந்தவர்கள். தமிழ்க்கடையில் வாடகைக்கு எடுத்த கசெற்றில் படம் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கசெற்றுகளில் பாதிக்குக் கடைசிக் காட்சி இருக்காது. நாடா முடிந்த இடத்தில் படமும் முடிந்துவிடும். கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாமல் அழுதுகொண்டு படுக்கப் போன பிள்ளைகள் இவர்கள். அதனால் யார் எந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாலும் இவர்கள் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். “முழுசோ?”

சாயிசன் ஒருவழியாக முதலாம் இடத்துக்கு வந்தான். ஏதோ ஒரு சண்டைப் படத்தின் பெயரைச் சொன்னான்.

மதுஷன் நெற்றியில் அடித்துக்கொண்டான். இத்தனை வருசமாக முதலாம் இடத்தில் அசையாமல் இருந்த படம் எங்கே என்று கேட்டான்.

“அலுத்துப்போச்சு மச்சான்.”

பச்சைப் பொய். அந்தப் படம் ஆடுகிற தொட்டில் ஒன்றோடு முடியும். அதற்காகவே தூக்கிவிட்டான்.

ஹரிஷாவுக்கு விளங்கிவிட்டது. கணவனின் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது! நல்ல மனுசன்தான், ஆனால் படம் என்று வந்துவிட்டால் கண்மண் தெரியாது.

“யசோ, நீர் சொல்லும். பத்தும் வேண்டாம், முதலாவதை மட்டும் சொல்லும்,” என்றான் சாயிசன்.

யசோதரா யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று தலையாட்டப்போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

“ஒரு படம் இருக்கு,” என்றாள். “கறுப்பு வெள்ளை. சத்தம் இல்லை. ஒரே ஒரு ஆள்தான்.”

அவள் குரலைக் கேட்டதும் சாயிசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொல்வது என்னவென்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“கதை?” மதுஷன் முன்னால் நகர்ந்து இருந்தான்.

“கதை ஒண்டும் இல்லை. ஒருக்காக் கையைத் தூக்கும். பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடும்.”

“ஆர்ட் படமோ? எதில பாக்கலாம்?”

“இனி ஏலாது. என்ர போனில இருந்தது. இப்ப இல்லை.”

ஹரிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். மதுஷனுக்கும் அப்போது விளங்கியது. மிச்ச ரோல்ஸை மெதுவாகத் தட்டில் வைத்தான்.

ஸ்கான் எடுத்த அன்று டாக்டரிடம் கேட்டு, திரையில் தெரிந்த பிள்ளையை யசோதரா போனில் வீடியோவாகப் பிடித்திருந்தாள். ஏழாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே இறந்தபோது, அதை அழித்துவிடு, கண்ணில் பட்டால் இவள் தேறமாட்டாள் என்று சாயிசனின் அம்மா கலாவதி அழுதழுது சொன்னார். பிறக்காத பிள்ளைக்குப் பெயரும் வைப்பதில்லை, படமும் வைப்பதில்லை என்றார். அம்மா சொல்வது சரி என்றுதான் அவனும் நினைத்தான், பாவி. மருந்து மயக்கத்தில் கிடந்தவளின் விரலையே வைத்து அவள் போனைத் திறந்து அழித்தான்.

அவள் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கவனிக்கவில்லையாக்கும் என்று அவன் நம்பியிருந்தான். இவ்வளவு நாளும் அவள் வாயை மூடிவைத்தது எதுவென்று இப்போது தெரிந்தது. தெரிந்ததும் அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது அவனுக்கு.

எழும்பிப் போய் அவள் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

“யசோ, என்னட்ட இருக்கு.”

அழிப்பதற்கு முன் தன் போனுக்கு அனுப்பியிருந்தான். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகும் ரயிலில், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி யன்னல் பக்கம் சரித்துப் பிடித்துப் பார்ப்பான். அம்மாவுக்கும் சொல்லவில்லை, இவளுக்கும் சொல்லவில்லை.

யசோதரா திரும்பி அவனைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் இருந்தான்.

அவள் அவன் போனுக்காகக் கையை நீட்டினாள்.

“முழுசோ?” என்றாள்.