துடுப்புச் சக்கரங்கள்

லேத் பட்டறைக்காரர் எட்டு மாதம் உட்கார்ந்து அந்தப் பொம்மைக் கப்பலைச் செய்தார். கை நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், ரிமோட்டில் ஓடும். வீட்டோடு தங்கியிருந்த மைத்துனன், “இந்த வயசுல பொம்மை கேக்குதா?” என்று எட்டு மாதமும் சொல்லிக்காட்டினான்.

முதல் ஓட்டத்துக்கு ஏரிக்கரைக்கு அவனும் வந்தான். கப்பலிலிருந்த பேட்டரியைப் பிடுங்கி ஏரியில் வீசினான். கப்பலையும் காலால் தண்ணீருக்குள் தள்ளினான்.

“இப்ப ஓட்டுங்க மாமா, பாப்போம்.”

கப்பல் கொஞ்ச தூரம் மிதந்துபோய் நின்றது. பிறகு சக்கரங்கள் சுழலத் தொடங்கின. முகப்பைத் திருப்பிக்கொண்டு அது மைத்துனனை நோக்கி வந்தது.

அவன் கரையோரமாக விலகி நடந்தான். அதுவும் அந்தப் பக்கம் திரும்பியது. கரையைத் தொட்டதும் சக்கரங்கள் சேற்றைக் கவ்வி மேலேறின.

“நிறுத்துங்க மாமா!”

அவர் ரிமோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டினார்.

மைத்துனன் அன்றே பஸ் ஏறித் தன் ஊருக்குப் போய்விட்டான். கப்பலை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவர் தேடவும் இல்லை. நாலாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

“மாமா, கப்பல் உங்ககிட்டதானே இருக்கு?”

“இல்லையே. ஏன்?”

“மாடிப்படில தப் தப்னு சத்தம் கேக்குது மாமா. ஒவ்வொரு படியா ஏறுது.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“அவ்வளவு தூரம் வந்திருக்கு,” என்றார். “கதவைத் திறந்து விடு.”