செத்த பிறகு சொல்ல வேண்டியது

சினிமாவில் சாகும் காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆகாது என்பார்கள். மாமியாராக, பிச்சைக்காரியாக, மகாராணியாக எத்தனையோ படங்களில் செத்துச் சிரித்தவள் கமலவேணி. வானொலி நாடகத்தில் சிரிப்பை யார் பார்ப்பது? அங்கே செத்து முடித்ததும் மைக்கிடம் குனிந்து, "நான் கமலவேணி, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். ஒலிப்பதிவாளர் துரைக்கண்ணு பிறகு டேப்பில் அந்த வரியை மட்டும் வெட்டிவிடுவார்.

அன்று படப்பிடிப்புக்குக் கூட்டிப்போக வானொலி நிலைய வாசலில் கார் காத்திருந்தது. மைக்கில் கடைசி மூச்சை இழுத்துவிட்டு, அந்த வரியைச் சொல்லாமலே ஓடினாள்.

அங்கே மேக்கப்மேன் அவள் மடிமேலேயே பெட்டியை வைத்துத் திறந்தார். "வேணிம்மா இன்னுமா வரல?" என்று டைரக்டர் கத்தினார்.

"இங்கதானே இருக்கேன்!"

யாரும் திரும்பவில்லை.

வானொலி நிலையத்துக்கே திரும்பி ஓடினாள். நடிகர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், டேப் சுற்றிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கச் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலியளவு முள் துள்ளியது. துரைக்கண்ணு நிமிர்ந்து, ஆளில்லாத அறையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்து, எப்போதும்போல அந்த வரியை மட்டும் வெட்டிப் போட்டார்.